தெரு ஜெபக்கூட்டத்துக்கு என்னைப் பொறுப்பெடுக்கச் சொல்றாங்க, சபையோட சேர்ந்து வளர்றதுன்னா நிஜத்துல என்ன?

கோட்டையூர்ப்பொண்ணு எழுதியது:

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். கொஞ்சம் பெருசாவே எழுதிட்டேன், முழுசா படிச்சுட்டு பதில் சொல்லுங்க.

நான் கோட்டையூர், காரைக்குடியில ஒரு ஜவுளிக்கடையில கணக்கு எழுதுறேன். எங்க சபை சின்னதுதான், 40 குடும்பம் இருக்கும், அதுல பாதி உள்ளூர்க்காரங்க, மிச்சம் வேலைக்காக வந்தவங்க, டீச்சர், நர்ஸ், சிக்ரி ஆராய்ச்சி நிலையம், யுனிவர்சிட்டி, ரயில்வேன்னு, நாம பழகி முடிக்கிறதுக்குள்ள டிரான்ஸ்பர் ஆகிப் போயிடுவாங்க. ஞாயித்துக்கிழமை 8.30க்கு ஆராதனை, 10 மணிக்கு ஆசீர்வாதம் சொல்லி முடிச்சா 10.10க்கு வாசல்ல ஒரு வண்டி நிக்காது. கேரல் ரவுண்ட்ஸ், அறுப்பின் பண்டிகை ஏலம், பிள்ளைங்களுக்கு லீவுல நடக்குற விபிஎஸ் வேதாகமப் பள்ளி எல்லாம் வருஷா வருஷம் ஒழுங்கா நடக்குது, அதுல குறை சொல்ல மாட்டேன். ஆனா பக்கத்து பெஞ்சுல உக்காந்திருக்கிறவங்க வீட்ல என்ன கஷ்டம்னு கேட்டா எனக்கும் தெரியாது, என் கஷ்டம் அவங்களுக்கும் தெரியாது.

இதுல போன கமிட்டி எலெக்‌ஷன்ல ரெண்டு குடும்பத்துக்கு முட்டிக்கிச்சு, இன்னும் பேச்சுவார்த்தை இல்ல. ஒரு வீட்டுக்காரங்க அப்பமும் ரசமும் வாங்குற திருவிருந்துக்கு முழங்கால் போட எந்திரிச்சா இன்னொரு வீட்டுக்காரங்க அடுத்த வரிசை வர்ற வரைக்கும் உக்காந்தே இருப்பாங்க. அதப் பாத்துட்டு அப்பத்த கையில வாங்கும்போது எனக்கு நெஞ்சு அடைக்குது.

வீட்ல காலைல 5 மணிக்கு எந்திரிச்சு பழைய ஏற்பாட்டுல ஒரு அதிகாரம் புதுசுல ஒண்ணு படிச்சு நோட்டுல எழுதுறேன், பஸ்ல போன்ல பிரசங்கம் கேக்குறேன், ஆண்டவர் என்கிட்ட பேசுறாருன்னு அங்கதான் தோணுது, சபைக்குப் போனா யாரு யாரோட பேசுறாங்க யாரு பேசலன்னு மனசு அதையே எண்ணிட்டு இருக்கு. இப்ப எங்க சபை போதகர் ஐயர் கூப்பிட்டு, ஈஸ்டருக்கு முன்னாடி வர்ற உபவாச காலமான இந்த லெந்துல உங்க தெருவுக்கு வீட்டு ஜெபக்கூட்டத்த நீ பாத்துக்கம்மான்னு சொல்லிட்டாரு. எங்க பக்கம் 9 வீடு. அந்த ரெண்டு குடும்பமும் இதே 9 வீட்டுக்குள்ளதான் இருக்கு!! எங்கம்மா வேற, கல்யாணம் ஆகாத பொண்ணு ராத்திரி வீடு வீடா போனா நாலு பேரு நாலு விதமா பேசுவாங்கன்னு ஒரே பிடியா இருக்காங்க.

நான் கேக்குறது இதுதான். தனியா ஜெபிச்சு வளர்றது போதாதா? சபையா கூடி வளர்றதுன்னு எல்லாரும் சொல்றாங்களே, உங்க ஊருல அது நிஜமாவே நடந்திருக்கா, எப்படி நடந்துச்சு? வசனம் மட்டும் அனுப்பாதீங்க, வசனம் என்கிட்டயும் இருக்கு, நடந்தத சொல்லுங்க.


தேவகோட்டை_சங்கத்தம்மா எழுதியது:

கண்ணு, உன் கேள்விய ரெண்டு தடவ படிச்சேன். நான் பெண்கள் ஐக்கிய சங்கத்துல ரொம்ப காலமா இருக்கேன், நடந்ததையே சொல்றேன்.

எங்க தெருவுலயும் வீட்டு ஜெபக்கூட்டம் இருந்துச்சு, ஆனா நம்ம ஊருப் பக்கம் உனக்கே தெரியுமே, வீட்டுக்கு நாலு பேரு வந்தா சும்மா அனுப்ப மாட்டோம். மொத வாரம் ஒரு வீட்ல சுண்டலும் காபியும். அடுத்த வீட்ல வெள்ளைப் பணியாரமும் காரச்சட்னியும். அதுக்கடுத்த வீட்ல சீயம், கந்தரப்பம், போகும்போது கையில மனகோலம் பாக்கெட்டு வேற. இப்படி ஏறிக்கிட்டே போயி கடைசியில பாத்தா கூட்டம் நாலஞ்சு பெரிய வீட்டுலயே சுத்திக்கிட்டு இருக்கு, மத்தவங்க எல்லாம் "எங்க வீட்ல இடம் பத்தாதும்மா", "அடுத்த மாசம் பாக்கலாம்மா"ன்னு நழுவுறாங்க. இடம் காரணமே இல்ல, கைல காசு இல்ல, அத வாய் விட்டு சொல்ல முடியல. கொரிந்து சபையில நடந்ததும் இதுதானே, கர்த்தருடைய பந்தியிலயே ஒருத்தன் பசியோட இருக்கான் ஒருத்தன் தின்னு குடிச்சு வெறிச்சிருக்கான்னு பவுல் கோவப்பட்டு எழுதுறாரே, 1 கொரிந்தியர் 11, எடுத்துப் பாரு.

அப்புறம் சங்கத்துல உக்காந்து பேசி, ஜெபக்கூட்டம் நடக்குற வீட்ல தண்ணி மட்டும்தான், காபி கூட கிடையாதுன்னு முடிவு பண்ணோம். பெரிய வீட்டுக்காரங்களுக்கு ரொம்ப வருத்தம், வந்தவங்கள வெறும் வயித்தோட அனுப்புறதான்னு. அதுவும் நம்ம பழக்கத்துல நியாயமான வருத்தம்தான். ஆனா அந்த ஒரு முடிவுலதான் கதவு தெறந்துச்சு.

பலகாரம் போடுற இடத்துக்கு வேலைக்குப் போற ஒரு பிள்ளை, ஓட்டு வீடு, ஒரே ரூம். அன்னைக்குத்தான் மொத மொதல்ல எங்க வீட்டுக்கு வாங்கன்னு கூப்பிட்டா. நாங்க 11 பேரு போனோம், உள்ள 6 பேரு உக்காந்தோம், மிச்சப் பேரு வாசப்படியிலயும் வெளிய சாக்கு விரிச்சும் உக்காந்தாங்க. அவ முழங்கை வரைக்கும் எண்ணெய் தெறிச்ச பொட்டுப் பொட்டா தழும்பு, சேலையில முறுக்கு எண்ணெய் வாசம் போகல, வேலை முடிச்சு நேரா வந்திருக்கா. எவர்சில்வர் டம்ளர் வீட்ல நாலுதான், கழுவிக் கழுவி தண்ணி குடுத்தா. ஜெபம் பண்ணச் சொன்னப்ப ஆண்டவரேன்னு ஆரம்பிச்சு நின்னுட்டா. ரொம்ப நேரம் சத்தமே இல்ல. அப்புறம், மகனுக்கு பீஸ் கட்டணும் ஆண்டவரே, ஸ்கூல்ல நிக்க வைக்கிறாங்களாம்னு ஒரே வரி. ஆமென் கூட சொல்லல. எங்க சபைக்கு அவ வந்து எத்தனையோ வருஷம் ஆச்சு, அந்தப் பையன் ஞாயிறு பள்ளியில மனப்பாட வசனத்துக்குப் பரிசு வாங்குறவன், எங்க ஒருத்தருக்கும் அது தெரியாது.

கைப்பிடி அரிசி எடுத்து வைக்கிறோம்ல, சமைக்கும்போது ஒரு பிடி ஆண்டவருக்குன்னு டப்பாவுல போட்டு மாசக் கடைசியில சங்கத்துல சேக்குறது, அந்தக் காசு வழக்கமா கன்வென்ஷன் செலவுக்குப் போகும். அந்த மாசம் பீஸுக்குப் போச்சு. நீ வளர்ச்சின்னு கேட்டியே, எனக்குத் தெரிஞ்சு எங்க சங்கம் வளர்ந்தது அன்னைக்குத்தான். அதுக்கப்புறம் எங்க ஜெபமே மாறிப்போச்சு, பேரு சொல்லி, நோய சொல்லி, கடன சொல்லி ஜெபிக்கிறோம்.

அம்மாவப் பத்திக் கவலப்படாத. அம்மாவையே கூட்டிட்டுப் போ. அவங்க பயம் நியாயந்தான், அவங்க கூட இருந்தா பேசுறவங்க வாயும் அடங்கும்.


புதுவயல்_டு_சிங்கப்பூர் எழுதியது:

அக்கா வணக்கம், நான் கொஞ்சம் வேற மாதிரி சொல்றேன், யாரும் தப்பா எடுத்துக்காதீங்க.

சிங்கப்பூர்ல கன்ஸ்ட்ரக்‌ஷன் வேலை, ஞாயித்துக்கிழமையும் பாதி நாள் ஓவர்டைம் இருக்கும். எனக்கு போன்தான் சபை. டார்மிட்டரியில மேல் கட்டில்ல படுத்துக்கிட்டு இயர்போன் மாட்டி கேட்ட பிரசங்கம்தான் என்னக் குடிக்கு போகாம நிறுத்தி வச்சுச்சு. அதனால தனியா படிக்கிறதையும் போன்ல கேக்குறதையும் ஏதோ ரெண்டாந்தரம் மாதிரி பேசும்போது எனக்கு வலிக்குது. ஆண்டவரே விடியுறதுக்கு முன்னாடி எந்திரிச்சு வனாந்தரமான இடத்துக்குத் தனியா போயி ஜெபம் பண்ணாருன்னு மாற்குல இருக்கு. காலைல 5 மணிக்கு எந்திரிக்கிறத யார் சொன்னாலும் விட்றாதீங்க, பொறுப்பு வந்ததும் மொதல்ல போறது அதுதான், எங்க வாலிபர் சங்க செக்ரட்டரி அண்ணனுக்கு அப்படித்தான் ஆச்சு, கூட்டம் கூட்டமா ஓடுனாரு, கடைசில அவரு பைபிள தொறந்து எத்தன நாளாச்சுன்னு அவருக்கே தெரியல.

இன்னொண்ணு. சபைன்னா அன்புன்னு மட்டும் சொல்லி முடிச்சிர முடியாது. எங்க தாத்தா காலத்துல எங்க ஆளுங்க சபைக் கோயில்ல தரையில தனியா உக்காந்திருக்காங்க. அத இன்னைக்கும் எங்க வீட்டுப் பெரியவங்க சொல்லும்போது குரல் மாறும். வீட்டு ஜெபக்கூட்டம் எல்லா வீட்டுக்கும் போகுதான்னு பாருங்க. எல்லா வீட்லயும் தண்ணி வாங்கிக் குடிக்கிறாங்களான்னு பாருங்க. சங்கத்தம்மா டம்ளர் விஷயம் சொன்னாங்கல்ல, அதப் படிச்சுட்டு நான் ரொம்ப நேரம் போனக் கீழ வச்சுட்டேன். எங்க வீட்டுக்கு அப்படி யாரும் வந்ததில்ல.

ஆனா இதையும் சொல்லணும். போன வருஷம் அப்பா தவறிட்டாங்க, எனக்கு டிக்கெட் கிடைச்சு வர்றதுக்கு ரெண்டு நாள் ஆச்சு. நான் தினமும் கேக்குற பிரசங்கியாருக்கு நான் ஒருத்தன் இருக்கேன்னே தெரியாது, அது அவரு தப்பு இல்ல. ராத்திரி பூரா ஐஸ் பெட்டி பக்கத்துல உக்காந்திருந்தது எங்க சபை ஆளுங்க, அதுல ரெண்டு பேரு எங்களோட பேசாத குடும்பம். இத எங்க வைக்கிறதுன்னு எனக்கு இன்னும் பிடிபடல. அவ்ளோதான் அக்கா.


கல்லல்_அன்பியம் எழுதியது:

சகோதரிக்கு வாழ்த்துக்கள். நாங்க கத்தோலிக்கர், சிவகங்கை மறைமாவட்டம், எங்க பக்கம் இதுக்கு அன்பியம்னு பேரு. 20, 25 குடும்பம் சேர்ந்தா ஒரு அன்பியம். எங்களுக்கு இது விருப்பம் இருந்தா வச்சுக்கலாங்குற விஷயம் இல்ல, இல்லாட்டி ஓடாது. ஒரே பங்குக்கு, அதாவது ஃபாதர் பொறுப்புல இருக்குற சபைப் பகுதிக்கு, எத்தனையோ கிளைக்கிராமம், ஃபாதர் ஒவ்வொரு கிராமத்துக்கும் மாசத்துக்கு ஒரு பூசை வைக்கிறதே பெரிய பாடு. மிச்ச நாளெல்லாம் விசுவாசத்த யாரு காப்பாத்துறது, நாமதான்.

எங்க கூட்டத்துல பிரசங்கம் கிடையாது, அதுதான் நான் உங்களுக்கு முக்கியமா சொல்ல வந்தது. ஏழு படின்னு ஒரு முறை, தென்னாப்பிரிக்காவுல லும்கோன்னு ஒரு நிறுவனத்துல உருவாக்குனது, இப்ப ஆசியா ஆப்பிரிக்கா பூரா பங்குகள்ல பரவியிருக்கு. மொதல்ல ஒருத்தர் ஆண்டவர நம்ம நடுவுல வாங்கன்னு சொந்த வார்த்தையில கூப்பிடுவாங்க. அப்புறம் நற்செய்திப் பகுதிய நிதானமா வாசிக்கிறது. வாசிச்சு முடிச்சதும் யாருக்கு எந்த வார்த்தை, எந்த வரி மனசுல தட்டுச்சோ அத மட்டும் சத்தமா சொல்லணும், மூணு தடவ, நடுவுல கொஞ்சம் இடைவெளி விட்டு. விளக்கம் சொல்லக் கூடாது. அப்புறம் அமைதி. அதுக்கப்புறம் அந்த வார்த்தை என் வாழ்க்கையில எங்க பட்டுச்சுன்னு பகிர்றது, அப்பவும் இன்னொருத்தருக்குப் புத்தி சொல்லக் கூடாது, நான், எனக்கு, அவ்வளவுதான். ஆறாவதா, இந்த வாரம் நாம என்ன செய்யப் போறோம், யாரு செய்வா, எப்போ. கடைசியில செபம்.

இதுல பாத்தீங்கன்னா எழுதப் படிக்கத் தெரியாத அப்பத்தாவுக்கும் காலேஜ் வாத்தியாருக்கும் ஒரே அளவுதான் பேச்சு. எங்க அன்பியத்துல ஒரு அப்பத்தா எப்பவும் ஒரே ஒரு வார்த்தைதான் சொல்லும். அந்த வார்த்தைய அது சொல்ற விதத்துலயே மத்தவங்க கண்ணு கலங்கிரும். நீங்க நல்லா பைபிள் படிச்ச பொண்ணா தெரியுது, அதனாலயே சொல்றேன், நீங்க பேசுறதக் குறைச்சுக்கணும். தெரிஞ்சவங்க வாய மூடுனாத்தான் தெரியாதவங்க வாய் தொறக்கும்.

ஆறாவது படிய மட்டும் விட்றாதீங்க. அத விட்டா கூட்டம் மூணு மாசத்துல செபமாலை சொல்லிட்டு கலையுற கூட்டமா ஆயிரும். யாருக்கு ரேஷன் கார்டு வேலை ஆகணும், யாரு ஆஸ்பத்திரியில இருக்காங்க, யாரு பிள்ளை ஸ்கூலுக்குப் போகல, அங்கதான் முடிவாகும்.

அப்புறம் ஒண்ணு. நாங்க வருஷா வருஷம் ஓரியூருக்கு நடந்து போவோம், அருளானந்தர்ங்கிற ஜான் டி பிரிட்டோ சாமியார் 1693 பிப்ரவரி 4 தலை வெட்டுப்பட்ட இடம், அங்க செம்மண்ண எடுத்து நெத்தியில பூசிக்குவோம். லிஸ்பன்ல பிரபு வீட்ல பொறந்த மனுஷன், இந்தச் சீமையில சைவச் சாப்பாடு, காவி, நடைப்பயணம்னு வாழ்ந்து செத்தாரு. ராத்திரி நடக்கும்போது எங்க அன்பியத்துல ஒரு ஒழுங்கு, மெதுவா நடக்குறவங்க முன்னாடி, இளவட்டம் பின்னாடி. பசங்களுக்கு மொத வருஷம் பொறுமையே இருக்காது, அப்பத்தாங்க நடைக்கு நடக்கணும்ல. மூணாவது வருஷம் அவங்களே தண்ணி கேனத் தூக்கிட்டு அவங்க பக்கத்துல நடக்குறாங்க. எந்தப் பிரசங்கமும் அத அந்தப் பசங்களுக்குச் சொல்லிக் குடுக்கல.


பழைய_உபதேசியார் எழுதியது:

மகளே, உனக்கு என் வாழ்த்துதல்கள். நான் இந்தப் பக்கத்து கிராமச் சபைகள்ல, போதகருக்கு உதவியா ஜெபம் நடத்துற உபதேசியாரா இருந்து ஓய்வு பெற்றவன். மத்தவங்க சொன்னது எல்லாமே நல்லா இருக்கு, நான் அந்த ரெண்டு குடும்பத்துச் சண்டையப் பத்தித்தான் எழுத வந்தேன், ஏன்னா உன் கேள்வியில பாரம் அங்கதான் இருக்கு.

சபையில சண்டைங்கிறது ஆவி குறைஞ்சு போனதுக்கு அடையாளம்னு நாம நினைக்கிறோம். அப்போஸ்தலர் நடபடிகள் 2ம் அதிகாரத்துல ஆவி இறங்குறார், 6ல சோத்துப் பந்தியில சண்டை வந்திருச்சு! கிரேக்க மொழி பேசுற விதவைகளுக்கு அன்றாட விசாரிப்புல ஓரவஞ்சனைன்னு முறுமுறுப்பு. அப்ப அப்போஸ்தலர்கள் என்ன செஞ்சாங்க பாரு, 7 பேரைத் தெரிஞ்செடுக்கச் சொன்னாங்க. ஸ்தேவான், பிலிப்பு, பிரொகோரு, நிக்கானோர், தீமோன், பர்மெனா, நிக்கொலா. ஏழும் கிரேக்கப் பேரு. எந்தப் பக்கத்துக்கு மனத்தாங்கலோ அந்தப் பக்கத்து ஆளுங்க கையிலயே பந்தியையும் பணப்பெட்டியையும் குடுத்துட்டாங்க. நம்ம கமிட்டிகள்ல இது நடக்குமா? ஜெயிச்சவன் எல்லாத்தையும் எடுத்துக்குறான், தோத்தவன் பின் பெஞ்சுக்குப் போறான், அதுலதான் புண்ணு ஆறாம கெடக்கு.

இன்னொரு சரித்திரம் சொல்றேன். ஜெர்மனியில ஹெர்ன்ஹூட்னு ஒரு ஊரு, சின்சென்டார்ஃப் பிரபு நிலத்துல மொராவியாவுல இருந்து ஓடி வந்த அகதிகள் குடியேறி இருந்தாங்க. உபதேச விஷயத்துல ஒருத்தருக்கொருத்தர் பயங்கர சண்டை, ஊரே ரெண்டு பட்டுப் போச்சு. அவரு வீடு வீடா போயி உக்காந்து பேசி, எல்லாரையும் ஒரு உடன்படிக்கையில கையெழுத்துப் போட வச்சு, 1727 ஆகஸ்ட் 13 எல்லாரும் ஒண்ணா திருவிருந்து எடுத்தாங்க. அன்னைக்குத்தான் அவங்க ஒரு சபையா ஆனாங்க. அதுக்கப்புறம் 24 மணி நேரமும் யாராவது ஒருத்தர் ஜெபத்துல இருக்குற மாதிரி முறை போட்டாங்க, அது 100 வருஷத்துக்கு மேல நிக்காம நடந்துச்சு. 1760ல அவங்க ஆளுங்க நம்ம தரங்கம்பாடிக்கே வந்து தோட்டம் போட்டு உக்காந்தாங்க. நான் இதுல பாக்குறது வரிசையத்தான், மொதல்ல வீடு வீடா போனது, அப்புறம் பந்தி, அப்புறம்தான் அந்தப் பெரிய ஜெபம். நாம பெரிய ஜெபத்துல ஆரம்பிச்சு எழுப்புதல் வரலியேன்னு அழுறோம்.

சிங்கப்பூர் தம்பி சொன்ன விஷயம் ரொம்ப உண்மை, அதக் கடந்து போகக் கூடாது. 1833ல கல்கத்தா பிஷப் டேனியல் வில்சன், சபைக்குள்ள சாதி வித்தியாசம் இருக்கவே கூடாது, உக்கார்றதுலயும் இல்ல திருவிருந்துலயும் இல்லன்னு சுற்றறிக்கை அனுப்பினார். தஞ்சாவூர், வேப்பேரி சபைகள்ல அதுக்குப் பெரிய எதிர்ப்பு, நிறையப் பேரு சபைய விட்டே போனாங்க. அதுல நல்லா பாட்டு எழுதத் தெரிஞ்சவங்க, வேதம் கரைச்சுக் குடிச்சவங்களும் இருந்தாங்க. தனியா எவ்வளவு வளர்ந்திருந்தாலும் பக்கத்துல யாரு உக்கார்றாங்கங்குற இடத்துல வளர்ச்சி நின்னு போகும். அதனாலதான் எபிரெயர் 10ல சபை கூடிவருதலை விட்டுவிடாதீங்கன்னு சொல்றதுக்கு முன்னாடி, அன்புக்கும் நற்கிரியைகளுக்கும் ஏவப்படும்படி ஒருவரையொருவர் கவனிங்கன்னு இருக்கு. கவனிக்கணும்னா பக்கத்துல இருந்தாத்தான் முடியும்.

சரி, வேலைக்கு வருவோம். 9 வீடுன்னு சொன்ன. உங்க சபையிலயும் வெள்ளிக்கிழமை லெந்து கூட்டம் இருக்கும், அதனால புதன்கிழமைன்னு வச்சுக்க. லெந்து ஆரம்பிக்கிற சாம்பல் புதனுக்கு சபையில ஆராதனை, ஈஸ்டருக்கு முந்தின பாடுகளின் வாரத்துல தினமும் கூட்டம், அது ரெண்டையும் விட்டா உனக்கு மிச்சம் 5 புதன்தான். 9 வீட்டுக்கும் இந்த லெந்துல போக முடியாது, அத மொதல்லயே ஒத்துக்க, மிச்ச 4 வீடு ஈஸ்டருக்கு அப்புறம். மொத கூட்டம் இருக்கிறதுலயே சின்ன வீட்ல வை. பெரிய வீட்ல ஆரம்பிச்சா அதுதான் அளவாகிப் போகும்.

அந்த ரெண்டு வீடும் 5 வாரத்துக்குள்ள வரணும், ஆனா மொத வாரமும் வேண்டாம் கடைசி வாரமும் வேண்டாம். கடைசின்னா எல்லாரும் சமாதானம் ஆகப் போறாங்கன்னு வேடிக்கை பாக்க வருவாங்க. ரெண்டு வீட்டுக்கும் முன்கூட்டியே நீயும் அம்மாவும் நேர்ல போயி கூப்பிடுங்க, ஒரே நாள்ல. மன்னிப்பப் பத்திப் பகுதி எடுத்து அவங்க முன்னாடி வாசிக்காத, அது அவங்களக் குத்திக் காட்டுற மாதிரி ஆகும். இவங்க வீட்டுப் பிள்ளைய அவங்க வீட்ல பாடச் சொல்லி சேத்து வைக்கலாம்னு யாராவது யோசனை சொல்வாங்க, பிள்ளைங்கள அதுக்குப் பயன்படுத்தாத.

பகுதி என்ன எடுக்குறதுன்னா மாற்கு 1, 29ல இருந்து 39 வரைக்கும் மொத வாரத்துக்கு. ஆண்டவர் ஜெப ஆலயத்த விட்டு நேரா சீமோன் வீட்டுக்குப் போறார், காய்ச்சல்ல கெடந்த மாமி எந்திரிச்சு பணிவிடை செய்றா, சாயங்காலம் ஊரே வாசல்ல நிக்குது, அடுத்த நாள் இருட்டோட தனியா ஜெபிக்கப் போறார். தம்பி சொன்ன தனி ஜெபமும் நீ பயப்படுற வீட்டுக் கூட்டமும் ஒரே பகுதிக்குள்ள இருக்கு பாரு.


கோட்டையூர்ப்பொண்ணு எழுதியது:

எல்லாருக்கும் ரொம்ப ரொம்ப நன்றி, நேத்து ராத்திரி இத அம்மாவுக்கு சத்தமா வாசிச்சுக் காட்டுனேன். சங்கத்தம்மா எழுதுன அந்த ஒரு வரி ஜெபத்துல அம்மா அழுதுட்டாங்க. வர்றேன்னு சொல்லிட்டாங்க, ஆனா 8.30க்குள்ள வீட்டுக்கு வந்துரணுமாம்.

சிங்கப்பூர் தம்பி, நீங்க எழுதுனதுக்கு அப்புறம் எங்க 9 வீட்டையும் மனசுல வச்சு எண்ணிப் பாத்தேன், அதுல ரெண்டு வீட்டு வாசப்படிய நான் பொறந்ததுல இருந்து மிதிச்சதே இல்ல. ஏன்னு அம்மாகிட்ட கேட்டேன், அம்மா பதில் சொல்லல. அந்த ரெண்டுல ஒரு வீட்லதான் மொத புதன், அவங்க சம்மதிச்சா.

இன்னும் ரெண்டு விஷயம் கேக்கணும். எங்க பக்கம் நிறையப் பேரு கொத்தனார் வேலை, மில்லு, வீட்டு வேலைன்னு போறவங்க, 7 மணிக்கு முன்னாடி வர முடியாது. அம்மாவோ 8.30ங்கறாங்க. ஒரு மணி நேரத்துல அந்த ஏழு படியும் முடியுமா? அப்புறம், தண்ணி மட்டும்னு நான் சொன்னா, சின்னப் பொண்ணு நீ யாரு எங்களுக்குச் சொல்றதுன்னு கேட்டா என்ன செய்ய?


கல்லல்_அன்பியம் எழுதியது:

முடியும் சகோதரி. 7.15க்கு ஆரம்பிச்சா 8.15க்கு முடிச்சிரலாம், பாட்டு ஒண்ணே ஒண்ணு வைங்க. மொத ரெண்டு கூட்டத்துல மௌனம் வந்தா எல்லாருக்கும் சங்கடமா இருக்கும், யாராவது பாட்டெடுத்துருவாங்க, எடுக்க விடாதீங்க. பகிர்றதுக்கு அதிக நேரம் குடுங்க. மணி ஆயிருச்சுன்னா நீங்க பேச வேண்டியத விட்ருங்க.


தேவகோட்டை_சங்கத்தம்மா எழுதியது:

தண்ணி விஷயத்த நீ சொல்லாத கண்ணு, அது உன் வாயில இருந்து வரக் கூடாது. இந்த ஞாயித்துக்கிழமையே உங்க சங்கத் தலைவி அம்மாகிட்ட போயி, அம்மா நீங்க அறிவிப்புல சொல்லிருங்கன்னு கேளு, பெரியவங்க சொன்னா யாரும் மறுத்துப் பேச மாட்டாங்க. அதுவும் லெந்துன்னு ஒரு காரணம் கைல இருக்கு, உபவாச காலத்துல பலகாரம் வேண்டாம்னா யாருக்கும் மனசு நோகாது.

மொத வீட்டுக்குப் போகும்போது அவங்க தண்ணி குடுத்தா நீயும் அம்மாவும் மொதல்ல வாங்கிக் குடிங்க, மத்தவங்க பாக்குற மாதிரி. தம்பி சொன்னதுக்காகத்தான் சொல்றேன். அம்மாகிட்ட இத வீட்லயே பேசிரு, அங்க போயி தயங்கக் கூடாது. பாய் பத்தலன்னா சபையில சண்டே ஸ்கூல் பாய் இருக்கும், ஐயரம்மாகிட்ட சாவி கேட்டு எடுத்துக்கோ.